முதுகு கொடுத்த கதவு

எங்கள் ஊருக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. காலையில் ஊர் முழுக்க ஸ்டேஷனில் நிற்கும். சாயங்காலம் அதே ஊர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்பும். நடுவில் திருவொற்றியூரில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நானும் இருந்ததில்லை. ஆலைகளில் சங்கு ஊதும். ஆலைக்குள்ளே போனவர்களில் பாதிப்பேர் பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் தெரு ஆட்களோ ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் போனார்கள். உள்ளூரிலேயே வேலை இருக்க, ஊர்மாற்றி ஊர் போய் உழைக்கிற இந்தக் கூத்தை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று நான் வயிற்றெரிச்சலோடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

மதராஸுக்கும் நெல்லூருக்கும் இடையில் ஓடும் தண்டவாளத்தில் எங்களைப் போல வரிசையாகப் பல ஊர்கள். ரயில் அந்த இரண்டு நகரங்களுக்குச் சொந்தம். நாங்கள் நடுவில் தொற்றிக்கொண்டவர்கள். நெல்லூர்ப் பக்கம் போனால் எங்களை மெட்ராஸ்காரர்கள் என்று முறைத்தார்கள். மெட்ராஸில் என் ஆபீஸ் ஹெட்கிளார்க், "நீ அந்த உப்பளத்துப் பக்கம்தானே" என்று மூக்கைச் சுளித்தார். ரயில் எங்களிடம் வந்து சேரும்போது உட்கார இடம் இருக்காது, நிற்கவும் இடம் இருக்காது. ஆனாலும் ஏறியாக வேண்டும். ஏறுவதற்கு அடிக்க வேண்டும்.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பிளாட்பாரத்தில் ஒரு திங்கட்கிழமை நின்றிருக்க வேண்டும். ஆண்கள் பெட்டியில் பெல்ட்டைக் கழற்றி விளாசுவார்கள். சன்னல் கம்பி வழியாகத் தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள். சோற்றுத் தூக்கு மண்டையில் இறங்கும். ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் ஒற்றைச் செருப்புகளும், சிந்திய சாம்பாரும், சில நாள் ரத்தமும் கிடக்கும். அங்கே அடி வாங்கியவன் அந்த அடியை வேலை இடத்தில் யாருக்கும் கொடுக்க முடியாது. அதைப் பத்திரமாகச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவான். ரயில் முக்கால் மணி தாமதமாக வந்த நாட்களில் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அழுகை கேட்கும் என்று எங்கள் அம்மா முன்கூட்டியே சொல்வாள். சரியாகவே சொல்வாள். எங்கள் ஊரில் கோபத்துக்கும் டைம்டேபிள் இருந்தது.

பெண்கள் பெட்டி மட்டும் என்ன, பூஜை அறையா. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் கைப்பிடியைப் பிடித்து ஏறும்போதே உள்ளேயிருந்து ஒரு முழங்கை வந்து என் வாயில் இறங்கியது. முன்பல் உடைந்தது. உடைந்த பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனேன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நானும் கற்றுக்கொண்டேன். ஊக்கை இரண்டு விரலுக்கு நடுவில் எப்படிப் பிடிப்பது, குடையை எங்கே குத்தினால் கூட்டம் விலகும், மீன்கூடைக்காரி கூடைத் தண்ணீரைக் கவிழ்க்கும் முன்னே கூடையை எப்படித் தட்டிவிடுவது, எல்லாம். நான் நல்ல மாணவி.

கற்றுக்கொடுத்தவள் பொன்னேரி டீச்சர். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். வடக்கேயிருந்து ஏறிவருவதால் அவளுக்குச் சன்னலோர இடம் நிரந்தரம். அந்தப் பெட்டியின் சட்டதிட்டங்களெல்லாம் அவள் போட்டவை. பெட்டியின் கதவுத் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருந்தது. வெளியேயிருந்து நாலு பேர் சேர்ந்து தள்ளினால் கழன்றுகொள்ளும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் உள்ளே இருப்பவர்களில் ஒருத்தி கதவில் முதுகைச் சாய்த்து, எதிர்ப் பலகையில் காலை ஊன்றி நிற்க வேண்டும். இதற்கு முதுகு கொடுப்பது என்று பெயர். வாரத்துக்கு ஒருத்தி முறை வைத்துக் கொடுப்பார்கள். கதவின் மேல்பாதியில் கண்ணாடி உடைந்து வெறும் கம்பிதான் இருந்தது. அதன் வழியாக வெளியே இருப்பவர்கள் கையை விடுவார்கள், பிறாண்டுவார்கள், கெஞ்சுவார்கள். திரும்பிப் பார்க்கவே கூடாது என்பதுதான் முதல் சட்டம்.

"மூஞ்சியப் பாக்காத. பாத்தா கை தானா தாப்பாளுக்குப் போவும்" என்று டீச்சர் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கை உள்ளே வந்தால் முதுகை இன்னும் அழுத்த வேண்டும். கம்பிக்கும் முதுகுக்கும் நடுவில் கை நசுங்கும். தானாக வெளியே போய்விடும். இது இரண்டாவது சட்டம்.

இதில் வெட்கக்கேடு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் எங்கள் ஊரைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. திருவொற்றியூர் பிளாட்பாரத்தில் நிற்கும்போது நாங்கள், கதவை அடைத்த பொன்னேரிக்காரிகளை வாய்க்கு வந்தபடி சபிப்போம். அவர்கள் குலம் நாசமாகப் போக வேண்டும் என்போம். முட்டி மோதி உள்ளே போய்விட்டால் அடுத்த நிமிஷமே நாங்களும் பொன்னேரிக்காரிகள். அடுத்த ஸ்டேஷன் தண்டையார்பேட்டை. அங்கே நிற்பவர்களுக்கு இதே கதவை நாங்கள் அடைத்தோம். எங்கள் பல்லை உடைத்தவர்களோடு தோளோடு தோள் சேர்ந்து அடைத்தோம். நடு ஊரின் குணம் இதுதான். அடி வாங்குவதற்கும் அடி கொடுப்பதற்கும் நடுவில் எங்களுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்.

முதுகு கொடுப்பதில் நான் பேர் வாங்கினேன். மற்றவர்கள் முறை வரும்போதும் என்னையே கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆபீஸில் எனக்கு மரியாதை இல்லை, வீட்டில் அப்பா போன பிறகு மரியாதை என்ற பேச்சே இல்லை. அந்தக் கதவில்தான் நான் ஒரு ஆள்.

என் தங்கையைத் தண்டையார்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். என்னைவிட மூன்று வயது சின்னவள். எனக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நடந்தது, அவள் சிவப்பு என்பதால். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை. மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் அம்மா கேட்டதெல்லாம் எந்த ரயிலில் வேலைக்குப் போகிறார் என்பதுதான். ரயிலே வேண்டாம், நடந்து போகிறார் என்றதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ரயிலில் போகாதவன் பெண்டாட்டியை அடிக்க மாட்டான் என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு தப்பிப்போனது.

இரண்டு தடவை தங்கை அடிபட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் அம்மா அவளைக் குளிப்பாட்டி, தலைசீவி, பூ வைத்து, தானே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை அவள் அடிபட்டது எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்காக ஒரு ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். தையலில் கெட்டிக்காரி. மஞ்சள் துணி, கழுத்துப் பின்புறம் பச்சையில் பைப்பிங். அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, பின்னால் நின்று ஊக்கு மாட்டிவிட்டாள். அவள் புஜத்தில் கன்றிப்போயிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மா வீட்டுக்கு வராதே, அவள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவாள் என்றேன். என் ஆபீஸ் பக்கத்தில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் விடுதி ஒன்று இருந்தது. அங்கே எனக்குப் பழக்கம். அங்கே சேர்த்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

"இன்னொரு தபா கைய வெச்சார்னா காலைல ஸ்டேஷனுக்கு வந்துரு. இஞ்சின்லேந்து ரெண்டாவது பொட்டி, லேடீஸ். நான் உள்ள கீறேன். வந்து ஏறிக்க, அப்பால நான் பாத்துக்கறேன்."

இதைச் சொன்ன வாய் என்னுடையது. மனசாரச் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பெட்டியின் கதவை யார் அடைக்கிறார்கள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. அது ரயிலில் இருக்கும் நான். இது தங்கை வீட்டில் இருக்கும் நான். இரண்டு பேருக்கும் அறிமுகம் இல்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். அன்றைக்கு ரயில் இருபது நிமிஷம் தாமதம். எனக்கு அந்த மாதம் ஏற்கனவே இரண்டு தாமதக் குறி விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் வேலை நிரந்தரமாகாது என்று ஹெட்கிளார்க் எல்லோர் எதிரிலும் சொல்லியிருந்தார். ஆத்திரம் எனக்கு மூக்குக்கு மேல் நின்றது. எங்கள் ஸ்டேஷனில் ஏறும்போது ஒருத்தி கையைக் கடித்தேன். நிஜமாகவே பல் பதியக் கடித்தேன். உள்ளே போனதும் யாரும் கூப்பிடாமலே கதவில் போய் முதுகைக் கொடுத்தேன். புது மஞ்சள் ரவிக்கை போட்டிருந்தேன்.

தண்டையார்பேட்டையில் கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கதவு அதிர்ந்தது. முஷ்டிகள், குடைகள், வசவுகள். நான் காலை ஊன்றிக்கொண்டேன். டீச்சர் சன்னல் பக்கமிருந்து, விடாதே, விடாதே என்று தைரியம் சொன்னாள். அந்த இடிகளுக்கு நடுவில் என் முதுகில் ஒரு கை பட்டது. இடிக்கவில்லை, பிறாண்டவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே விரல்களை வைத்து, தட்டியது. மறுபடியும் தட்டியது. அந்தக் கை அடிக்காததுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. நைச்சியமாகத் தாழ்ப்பாளைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முதுகை அழுத்தினேன். விரல்கள் கம்பிக்கும் எனக்கும் நடுவில் மாட்டின. எலும்பு நெளிவது எனக்குத் தெரிந்தது. ரயில் நகர்ந்தது. இன்னும் அழுத்தினேன். விரல்கள் போய்விட்டன.

பீச் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமாக ஓடி, சரியான நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். ஹெட்கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குறி போடாமல் விட்டார். மத்தியானம் தக்காளிச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போய்ப் பார்த்தேன். தங்கையின் தாடை வீங்கி ஒரு பக்கமாகப் போயிருந்தது. அது முந்தின நாள் அடி. வாயைத் திறக்க முடியாமல்தான் அவள் காலையில் வீட்டைவிட்டு வந்திருக்கிறாள். படியில் ஏறி நின்றிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. ரயில் நகர்ந்ததும் விழுந்திருக்கிறாள். பின்னாலேயே தேடிவந்த புருஷன் அவளை முடியைப் பிடித்துத் தூக்கி, பிளாட்பாரத்து இரும்பு வேலியில் தலையை மோதியிருக்கிறான். ஏற முடியாமல் நின்றுவிட்ட அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இடது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கதவத் தொறக்கவே இல்லையாம், பாவிங்க" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

கூட்டமாக இருந்திருக்கும் என்றேன். அதையும் இந்த வாய்தான் சொன்னது.

போர்வைக்கு மேலே தங்கையின் வலது கை கிடந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்து, கட்டுப் போட்டிருந்தார்கள். ஊசி பிடிக்கிற விரல்கள். வெரலைக்கூட உடைச்சிருக்கான் பார் என்று அம்மா காட்டினாள். நான் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தங்கை கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என் சோறும் தூக்கமும் அந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டன.

மறுநாள் நான் ரயிலேறவில்லை. துறைமுகத்து வாசலில் போய் நின்றேன். ஷிப்ட் விட்டு அவன் நாலு பேரோடு சிரித்துக்கொண்டு வந்தான். சோற்றுத் தூக்கை ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் அடித்தேன். காதுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அவன் என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தான். கூட இருந்தவர்கள் பிரித்துவிட்டார்கள்.

"அடிச்சேன், இல்லேங்கல. வெரல நான் தொடல" என்றான் அவன்.

யாரும் நம்பவில்லை. பொய் வேற பேசறான் பார் என்று அவனோடு வந்தவனே அவனைப் பிடரியில் அறைந்தான். அந்த மனுஷன் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் அடி வாங்கினான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். ரயிலில் டீச்சர் எழுந்து தன் சன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். அந்தப் பெட்டியில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. உட்கார்ந்தேன். நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தங்கை எங்களோடு வந்துவிட்டாள். இந்தத் தடவை அம்மா பூ வைக்கவில்லை. நான் முதுகு கொடுப்பதை விட்டேன். அதை மட்டும்தான் விட்டேன். கதவைத் திற என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தண்டையார்பேட்டை வரும்போது பெட்டியின் உள்பக்கமாக நகர்ந்து, வேறொருத்தி முதுகு கொடுப்பதைப் பார்க்காமல் நின்றுகொண்டேன். வீட்டில் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவள் அந்த இரண்டு விரலையும் வெந்நீரில் விட்டு மடக்கி நீட்டிப் பழகிக்கொண்டிருப்பாள். நான் வேறு ஏதாவது பேசுவேன். மஞ்சள் ரவிக்கையை வீட்டுத் துணிப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து விரல் ஓரளவு மடங்க ஆரம்பித்தது. ராயபுரத்தில் ரெடிமேட் சட்டை தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. என் ரயிலிலேயே வருவதாகச் சொன்னாள். பஸ்ஸில் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதல் நாள் காலை பிளாட்பாரத்தில் அவளுக்கு முன்னால் நின்று, அடி எல்லாம் என்மேல் விழும்படி பார்த்துக்கொண்டு உள்ளே ஏற்றினேன். டீச்சர் அவளைப் பார்த்து, காது எப்படி இருக்கிறது என்று சத்தமாகக் கேட்டாள். தங்கை தலையை ஆட்டினாள்.

ரயில் தண்டையார்பேட்டைக்கு வேகம் குறைத்தபோது, அந்த வாரம் முறைக்கு நின்றவளை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தங்கை கதவண்டை போனாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கதவில் முதுகைச் சாய்த்தாள். எதிர்ப் பலகையில் காலை ஊன்றினாள். அளவு பிசகாமல் ஊன்றினாள். பெட்டியில் இருந்தவர்கள் பலே என்றார்கள். ரயில் நின்றது. வெளியே இடி ஆரம்பித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் ஒல்லி உடம்பு குலுங்கியது. கம்பி வழியாக யாருடையதோ கை வந்து அவள் தோளைப் பிறாண்டியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்டித்தான் நின்னுகினு இருந்தே" என்றாள். "மஞ்ச ஜாக்கெட்டு. கழுத்தாண்ட பச்சப் பைப்பிங். வாயத் தொறக்க முடியல, அதான் தொட்டேன். என் கை உனக்குத் தெரிஞ்சுதா?"

பெட்டி முழுவதும் என்னைப் பார்த்தது. டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சுது. உன் கைன்னு தெரியல" என்றேன்.

அவள் எதிர்ப் பலகையிலிருந்து காலை எடுத்தாள். பிறகு கதவை விட்டு விலகி ஒதுங்கினாள். தாழ்ப்பாள் எனக்கு எதிரே இருந்தது. போய்த் தூக்கினேன். தண்டையார்பேட்டை மொத்தமும் என்மேல் வந்து விழுந்தது. முதலில் ஏறியவளின் முழங்கை என் வாயில் இறங்கியது. மிச்சமிருந்த பக்கத்துப் பல்லும் ஆடியது. இத்தனை நாள் அடைத்தாயே என்று இன்னொருத்தி என் முடியைப் பற்றி இரண்டு உலுக்கு உலுக்கினாள். ஊக்கு என் இடுப்பில்தான் இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

கூட்டம் நெருக்கித் தள்ளியதில் நானும் தங்கையும் ஒட்டி நின்றோம். வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ், தாமதக் குறி, ஆஸ்பத்திரியில் விரலைப் பார்த்ததும் தெரிந்துகொண்டது, தெரிந்தும் அவன்மேல் பழி போட்டது, எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஒன்று விடாமல் சொன்னேன். ராயபுரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி, இடது காதை என் பக்கம் வைத்து நின்றிருந்தாள்.